செல்ல எலிக்குக் கருணைக்கொலை: எப்போது முடிவெடுப்பது?

2018 ஏப்ரலில், சேலம் சுகவனேஸ்வரர் கோயில் யானை ராஜேஸ்வரியைக் கருணைக்கொலை செய்ய சென்னை உயர் நீதிமன்றம் அனுமதித்தது. கால்நடை மருத்துவர் சான்று தர வேண்டும் என்பது நிபந்தனை. அதற்குள் யானையே இறந்துவிட்டது. உள்ளங்கையில் அடங்கும் செல்ல எலிக்கு கோர்ட் எல்லாம் கிடையாது. முடிவு உங்கள் கையில்தான்.

எலியின் ஆயுளே 2 முதல் 3 ஆண்டு. சிக்கல் என்னன்னா, அது வலியைக் காட்டிக்காது. முடி சிலிர்த்து, முதுகு கூனி, மூலையில் ஒதுங்கும். கண், மூக்கைச் சுற்றிச் சிவப்பாகக் கசிவது ரத்தம் இல்லை, போர்ஃபிரின் என்ற நிறமி. உடம்பு முடியவில்லை என்பதன் அடையாளம் அது.

கட்டி வந்துவிட்டது என்பதற்காக மட்டும் முடிவெடுக்காதீர்கள். கட்டியோடு ஓடியாடும் எலிகள் உண்டு, ஆபரேஷனும் உண்டு. கிச்சன் தராசில் தினமும் எடை பாருங்கள். இன்று நல்ல நாளா, மோசமான நாளா என்று காலண்டரில் குறியுங்கள். மோசமான நாட்கள் கூடிக்கொண்டே போனால் டாக்டரிடம் பேசுங்கள். வாய் திறந்து மூச்சு வாங்கினால் அன்றே கிளம்ப வேண்டும்.

'தானா போகட்டும்' என்று காத்திருந்து, நடுராத்திரி மாமல்லபுரத்தில் இருந்து வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குக் கிளம்பினால், 50 கிலோமீட்டருக்கு மேல் அது திணறிக்கொண்டே வரும். பகலிலேயே, எலிக்குப் பார்ப்பார்களா என்று போனில் கேட்டுவிட்டுப் போங்கள். முதலில் மயக்க மருந்து, பிறகுதான் கடைசி ஊசி. கூண்டில் ஜோடி எலி இருந்தால் அதையும் கூட்டிப்போங்கள். பக்கத்தில் துணை இருந்தால் பயம் குறையும்.