அதிவேக ரயில் பாதையும் ஆளில்லாக் குரலும்: நாராயணவனம் வட்டாரத்து மிதிவண்டிகளுக்கு வழி எது?

புது தில்லி: ஹைதராபாத் - சென்னை அதிவேக ரயில் பாதை எந்த நகரத்தைத் தொட்டுச் செல்ல வேண்டும் என்பது குறித்து நிறையப் பேசியாகிவிட்டது. அந்தப் பாதை எந்தக் கிராமச் சாலையைக் குறுக்கே வெட்டும், அங்கே மிதிவண்டியில் செல்வோருக்கு என்ன மாற்று வழி என்பது பற்றி அந்த அளவுக்குப் பேச்சே இல்லை. ஆனால், சட்டப்படி இக்கேள்வியைக் கேட்க வேண்டிய காலம் இதுதான். ரயில் ஓடத் தொடங்கிய பிறகு கேட்டால் விடை வேறாக இருக்கும்.

2026-27-ம் ஆண்டுக்கான மத்திய பட்ஜெட்டில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் ஏழு அதிவேக ரயில் பாதைகளை அறிவித்தார். அவற்றில் ஹைதராபாத் - சென்னை, சென்னை - பெங்களூர் ஆகிய இரண்டும் தமிழகத்தைத் தொடுபவை. முதலில் கூடூர் வழியாகச் செல்வதாக இருந்த ஹைதராபாத் பாதை, தமிழக அரசின் கோரிக்கையை ஏற்றுத் திருப்பதி வழியாக மாற்றப்பட்டது. தமிழகத்தில் சென்னை சென்ட்ரலிலும் மீஞ்சூர் அருகிலும் நிலையங்கள் அமையும் என 2025-ல் செய்திகள் வெளியாயின.

வரைபடத்தில் திருப்பதியையும் மீஞ்சூரையும் நேர்க்கோட்டால் இணைத்தால், அது நாராயணவனத்துக்கு வடக்கே நாகலாபுரம் மலைகளின் மீது விழுகிறது. மலையைக் குடைந்து போகுமா, சுற்றிக்கொண்டு சமவெளியில் இறங்குமா என்பது பொறியாளர்கள் முடிவு செய்ய வேண்டியது. எப்படிச் சென்றாலும் புத்தூர், நாராயணவனம், நாகலாபுரம், ஊத்துக்கோட்டை வட்டாரத்தின் சாலைகள் அதன் நிழலிலிருந்து வெகுதொலைவில் இல்லை.

ஸ்ரீநிவாசப் பெருமாள் பத்மாவதித் தாயாரை மணந்த தலமாகப் போற்றப்படும் நாராயணவனம், 2022 ஏப்ரலில் சித்தூர் மாவட்டம் பிரிக்கப்பட்டபோது புதிய திருப்பதி மாவட்டத்துக்குச் சென்றது. கல்யாண வேங்கடேஸ்வரர் கோயிலுக்கு வரும் பக்தர்கள் பேருந்திலும் காரிலும் வந்து போகிறார்கள். ஊர்க்காரர்களின் போக்குவரத்து வேறு. தறிக்கு நூல் எடுத்துச் செல்பவரும், பால் கேனை ஹாண்டில்பாரில் மாட்டிச் செல்பவரும், பள்ளிப் பிள்ளைகளும் நம்பியிருப்பது குறுகலான ஊர்ச் சாலைகளைத்தான். (விழுந்து எலும்பு முறிந்தால் பக்கத்திலேயே புகழ்பெற்ற புத்தூர் கட்டு இருக்கிறது என்பது மட்டுமே ஆறுதல்.)

வேக ரயில் இவ்வட்டாரத்துக்குப் புதிதன்று. 2023 செப்டம்பர் 24-ல் தொடங்கிய சென்னை - விஜயவாடா வந்தே பாரத், அரக்கோணம் - ரேணிகுண்டா தடத்தில் புத்தூர் வழியாக நிற்காமல் செல்கிறது. அதே புத்தூரிலிருந்து அத்திப்பட்டுக்கு 88 கி.மீ. நீளத்தில் புதிய பாதை அமைக்க 2008-09 ரயில்வே பட்ஜெட்டில் ஒப்புதல் தரப்பட்டது. ஊர்மக்கள் ஏறி இறங்கக்கூடிய அந்தச் சாதாரணப் பாதையில் இன்றுவரை ரயில் ஓடவில்லை.

ரயிலின் வேகம் கூடும்போது பாதையின் இருபுறமும் வேலி எழுகிறது. லெவல் கிராசிங்குகள் மூடப்படுகின்றன. இதில் தவறு காண இயலாது. தண்டவாளத்தைக் கடக்கும்போது ஆண்டுக்குச் சுமார் 15 ஆயிரம் பேர் உயிரிழப்பதாக 2012-ல் அனில் காகோத்கர் தலைமையிலான உயர்நிலைக் குழு மதிப்பிட்டது. எல்லா லெவல் கிராசிங்குகளையும் ஐந்தாண்டுகளில் அகற்ற வேண்டும் என்றும், அதற்கு ரூ. 50 ஆயிரம் கோடி தேவைப்படும் என்றும் அக்குழு பரிந்துரைத்தது. அகலப் பாதைகளில் ஆளில்லா லெவல் கிராசிங்குகள் 2019 ஜனவரிக்குள் முற்றிலும் அகற்றப்பட்டன. உயிர்கள் காப்பாற்றப்பட்டன.

ஆனால், மூடிய கேட்டுக்குப் பதிலாகக் கிடைப்பது என்ன என்பதில்தான் சிக்கல். மேம்பாலம் கட்டினால், சுமையேற்றிய மிதிவண்டியை நெடுந்தொலைவு தள்ளிக்கொண்டு ஏற வேண்டும். சுரங்கப்பாதை கட்டினால், அதன் தரைமட்டம் சுற்றியுள்ள நிலத்தைவிடத் தாழ்வாக இருப்பதால் மழை நீர் அதில்தான் வந்து சேர்கிறது. 2021 செப்டம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் துடையூர் அருகே ரயில்வே சுரங்கப்பாதையில் தேங்கிய மழை நீரில் கார் சிக்கிப் பெண் மருத்துவர் ஒருவர் உயிரிழந்தார். கார் மூழ்கும் இடத்தில் மிதிவண்டிக்காரர் என்ன செய்வார்? பழக்கம் காரணமாகத் தண்டவாளத்தின் மீதே வண்டியைத் தூக்கிக் கடப்பார். அது ரயில்வே சட்டத்தின் 147-வது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம் விதிக்கத்தக்க குற்றம்.

மிதிவண்டி மறைந்து வரும் வாகனம் என்று தில்லியில் பலரும் எண்ணுவதுண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் சுமார் 45 சதவீதக் குடும்பங்களிடம் மிதிவண்டி இருந்தது. விவசாயம் சாராத தொழிலாளர்களில் சுமார் 13 சதவீதத்தினர் அதில்தான் வேலைக்குச் சென்றனர். தமிழக அரசு மாணவ, மாணவியருக்கு ஆண்டுதோறும் மிதிவண்டி வழங்குகிறது. ஆந்திர அரசும் 2017-ல் "படிகொஸ்தா" என்ற பெயரில் பள்ளி மாணவியருக்கு வழங்கியது. அரசே வண்டியைக் கொடுத்துவிட்டு, அது செல்லும் வழியை மறந்துவிடுவது விந்தை.

அதிவேகப் பாதை எப்படிக் கட்டப்படுகிறது என்பதற்கு மும்பை - ஆமதாபாத் திட்டமே கண்முன் உள்ள பாடம். 508 கி.மீ. நீளமுள்ள அப்பாதையின் பெரும்பகுதி தூண்களின் மீது எழுப்பப்படுகிறது. 2025 மே மாதத்தில் 300 கி.மீ. உயர்த்தப்பட்ட பாதை நிறைவடைந்தது. தூண்களின் மீது செல்லும் பாதை, மண் கரையைப்போல ஊரை இரண்டாகப் பிளப்பதில்லை. வண்டிப் பாதையும் வாய்க்காலும் கீழே தொடரலாம். செலவைக் குறைக்க மண் கரையைத் தேர்ந்தெடுத்தால், ஒவ்வொரு வழிக்கும் தனித்தனியாகப் போராட வேண்டியிருக்கும். எனவே, ஹைதராபாத் பாதை தூண்களின் மீதா, கரையின் மீதா என்பதே நாராயணவனம் போன்ற ஊர்களுக்கு முதல் கேள்வி.

கட்டுமானக் காலம் தனிப் பிரச்னை. 40 மீட்டர் நீளமும் 970 டன் எடையும் கொண்ட கர்டர்கள் பாதையை ஒட்டிய தளங்களிலேயே வார்க்கப்படுகின்றன. அவை ஊர்ச் சாலைக்கு வருவதில்லை. ஆனால் அவற்றுக்கான ஜல்லி, மணல், சிமென்ட், கம்பி ஆகியவற்றில் பெரும்பகுதி லாரிகளில்தான் வந்து சேரும். பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தின் கீழ் போடப்படும் சாலையின் தார்ப்பரப்பு பொதுவாக 3.75 மீட்டர் அகலமே உடையது. எதிரே டிப்பர் லாரி வந்தால் மிதிவண்டிக்கு மிஞ்சுவது மண் ஓரம் மட்டுமே. அந்த ஓரமும் ஓரிரு மழையில் பள்ளமாகிவிடும். நாட்டில் 2021, 2022 ஆகிய ஆண்டுகளில் ஆண்டுக்கு 4 ஆயிரத்துக்கும் அதிகமான மிதிவண்டி ஓட்டிகள் சாலை விபத்துகளில் உயிரிழந்தனர்.

இதற்குச் சட்டத்தில் இடமில்லாமல் இல்லை. 1989-ம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 16-வது பிரிவு, பாதையால் துண்டிக்கப்படும் நிலங்களுக்குக் கடவுகள், பாலங்கள், வழிகள் ஆகியவற்றை அமைத்துப் பராமரிப்பது ரயில்வே நிர்வாகத்தின் கடமை என்கிறது. எவை தேவை என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் மாநில அரசின் கருத்துக்கு விடப்பட்டுள்ளது. அதே பிரிவில் ஒரு கெடுவும் உண்டு. பாதை திறக்கப்பட்டுப் பத்தாண்டுகள் கடந்தால், கூடுதல் வழிகளுக்கான செலவை ரயில்வே ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை. அதாவது, மாநில அரசு வாய் திறக்காவிட்டால் ஊரின் உரிமை கடிகாரத்தோடு கரைந்துபோகும்.

ஊர்மக்கள் தாமாகச் சொல்லலாமே என்றால், அதற்கான மேடையும் குறைவு. 2006-ம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் பட்டியலில் ரயில் பாதைகள் சேர்க்கப்படவில்லை. ஆதலால், பெரிய அணைகளுக்கும் சுரங்கங்களுக்கும் நடப்பதுபோன்ற சட்டப்பூர்வமான சுற்றுச்சூழல் பொதுமக்கள் கருத்துக் கேட்பு ரயில் பாதைகளுக்குக் கட்டாயமில்லை.

பிரிட்டனில் லண்டன் - பர்மிங்ஹாம் அதிவேகப் பாதைக்கு 2017-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தனிச் சட்டத்தில், மூடப்படும் சாலைகளும் ஒற்றையடிப் பாதைகளும் ஊர்வாரியாக அட்டவணையிடப்பட்டுள்ளன. அங்கும் எல்லாம் நேராக நடந்துவிடவில்லை. பாதையை ஒட்டி மிதிவண்டித் தடம் அமைக்க 2013-ல் ஆய்வு அறிவிக்கப்பட்டும், அந்தத் தொடர் தடம் கட்டப்படவில்லை. ஆனாலும், எந்தப் பாதை மூடப்படும் என்பதை ஊர்க்காரர் முன்கூட்டியே படித்துப் பார்த்து உறுப்பினரிடம் முறையிட முடிந்தது. நம் நாடாளுமன்றத்தில் ஒரு புதிய ரயில் பாதை பட்ஜெட்டில் ஒரு வரியாக வந்து போகிறது.

நாராயணவனத்துக்கு இன்னொரு இடர்ப்பாடும் உண்டு. வட எல்லைப் போராட்டத்தின் விளைவாக 1960 ஏப்ரல் 1-ல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. புத்தூரும் நகரியும் நாராயணவனமும் ஆந்திரத்திலேயே நின்றன. தமிழ் பேசுவோர் கணிசமாக வாழும் இவ்வட்டாரத்தின் வழிகளுக்காக 16-வது பிரிவின் கீழ்ப் பேச வேண்டிய அரசு அமராவதியில் இருக்கிறது. எல்லைக்கு இப்பால் ஊத்துக்கோட்டைக்காகப் பேச வேண்டியது சென்னை. பாதையோ ஒன்று. திருப்பதி நிலையத்துக்காகத் தமிழக அரசு எழுதிய கடிதம் பலன் தந்தது. கிராமச் சாலைகளின் பட்டியலோடு இரு அரசுகளும் சேர்ந்து எழுதும் கடிதம், பாதையின் வரைபடம் இறுதியாகும் முன் ரயில் பவனுக்கு வந்து சேர வேண்டும்.