பேகம்பேட்டையில் ஒரு கொசுவின் வயிறு

மலேரியாவைக் கொசு பரப்புகிறது, கண்டுபிடித்தவர் ரொனால்டு ராஸ். பாடநூலில் இது ஒரே வரி. தேர்வுக்கும் அது போதும். அந்த வரியை எட்ட ராஸ் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பாடுபட்டார். மாணவர்கள் கற்க வேண்டிய அறிவியல் அந்தப் பாட்டில்தான் இருக்கிறது. அவருக்கு விடை பிடிபட்ட இடம் ஹைதராபாத்தின் பேகம்பேட்டையில் உள்ள ஒரு கட்டடம். பழைய விமான நிலையத்தை ஒட்டி நிற்கும் அந்தக் கட்டடம் அன்று ராணுவ மருத்துவமனை. இன்று உஸ்மானியா பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் இருக்கிறது.

நோயாளியின் ரத்தத்தில் மலேரியா ஒட்டுண்ணியை 1880இலேயே அல்ஜீரியாவில் லாவரான் பார்த்துவிட்டார். அது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு எப்படிப் போகிறது என்பதுதான் தெரியவில்லை. சதுப்பு நிலத்துக் கெட்ட காற்றுதான் காரணம் என்று காலங்காலமாக நம்பினார்கள். லண்டனில் பேட்ரிக் மேன்சன் கொசுவைச் சந்தேகித்தார். அவர் தூண்டுதலில் 1895 முதல் ராஸ் கொசுக்களை அறுத்துப் பார்க்கத் தொடங்கினார். நோயாளியைக் கடிக்கவிட்டு, பிறகு அறுப்பார். ஒன்றும் கிடைக்கவில்லை. அவர் எடுத்துக்கொண்ட கொசு இனங்களில் இந்த ஒட்டுண்ணி வளராது என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

1897 ஆகஸ்டில், இறக்கையில் புள்ளியுள்ள பழுப்பு நிறக் கொசுக்கள் சில அவருக்குக் கிடைத்தன. இன்று நாம் அனோஃபிலிஸ் என்பது அவற்றைத்தான். உசேன் கான் என்ற நோயாளி, ஒரு கொசுவுக்கு ஓர் அணா கூலி பெற்றுக்கொண்டு அவற்றுக்கு ரத்தம் கொடுத்தார். ராஸின் பெயரோடு இவர் பெயரையும் பாடநூலில் சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து.

அறையில் கடும் புழுக்கம். பங்கா போட்டால் அறுத்த கொசு பறந்துவிடும். வியர்வை சொட்டி நுண்ணோக்கியின் திருகாணிகள் துருப்பிடித்திருந்தன. ஆகஸ்ட் 20 அன்று, நான்கு நாளுக்கு முன் ரத்தம் குடித்த ஒரு கொசுவின் வயிற்றுச் சுவரில் வட்டமான செல்கள் தெரிந்தன. குறுக்களவு சுமார் 12 மைக்ரான். நம் சிவப்பணுவைவிடச் சற்றே பெரிது. உள்ளே கருந்துகள்கள். ஒட்டுண்ணி ஹீமோகுளோபினைத் தின்று மிச்சம் வைக்கும் நிறமி அது. மறுநாள் இன்னொரு கொசுவை அறுத்தார். அதே செல்கள், முன்னதைவிடப் பெரிதாக. வளர்கிறது என்றால் அதற்கு உயிர் இருக்கிறது.

கொசுவின் வயிறு இயல்பாக எப்படி இருக்கும் என்று தெரியாதவர் கண்ணில் அந்தச் செல்கள் பட்டிருக்குமா? அதுவரை வீணானதாகத் தோன்றிய ஒவ்வொரு கொசுவும் அவர் கண்ணைப் பழக்கியிருந்தது. அறிவியலில் ‘ஒன்றும் இல்லை’ என்று குறித்து வைப்பதும் ஒரு முடிவுதான் என்று மாணவர்களுக்குச் சொல்ல இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

கடியால்தான் நோய் பரவுகிறது என்பதை ராஸ் 1898இல் கல்கத்தாவில், பறவைகளின் மலேரியாவை வைத்து நிறுவினார். மனித மலேரியாவுக்கு அதே ஆண்டில் இத்தாலியில் கிராஸி குழுவினர் காட்டினார்கள். நோபல் பரிசு 1902இல் ராஸுக்குப் போனது.

இன்று ஹைதராபாத், சென்னை போன்ற நகரங்களில் மலேரியா பரப்புவது அனோஃபிலிஸ் ஸ்டீஃபென்சி. சாக்கடையை நாடாது, மூடாத மாடித் தொட்டியிலும் கிணற்றிலும் நல்ல தண்ணீரில் முட்டையிடும். அதன் புழுவுக்கு மூச்சுக்குழல் நீட்டிக்கொண்டிருக்காது. அதனால் நீர்ப்பரப்பை ஒட்டிக் கிடைமட்டமாகப் படுத்திருக்கும். சாக்கடைக் கொசுவான கியூலெக்ஸின் புழு வாலருகே உள்ள குழலை மேற்பரப்பில் பொருத்தித் தலைகீழாகத் தொங்கும். இரண்டையும் நீர்ப்பரப்போடு பிடித்து வைத்திருப்பது பரப்பு இழுவிசை. மண்ணெண்ணெய் படர்ந்தால் அந்த இழுவிசை குறைகிறது, மூச்சுத் துளையும் அடைபடுகிறது, புழு சாகிறது.

ஆகஸ்ட் 20 உலகக் கொசு நாள். ஹைதராபாத் ஆசிரியர்கள் அன்று வகுப்பைப் பேகம்பேட்டைக்கு அழைத்துப் போகலாம். மற்ற ஊர்களில், தேங்கிய நீரில் கண்ட புழுவை ஒரு கண்ணாடித் தம்ளரில் எடுத்து, படுத்திருக்கிறதா தொங்குகிறதா என்று பிள்ளைகளையே பார்த்துச் சொல்லச் சொல்லலாம்.