ஆங்கிலக் கூட்டுவினைகளும் தமிழ் மாணாக்கரும்

ஆங்கிலம் பயிலும் நம் மாணாக்கர்க்கு அரிய சொற்கள் விளைக்கும் இடர் சிறிது. எளிய சொற்கள் விளைக்கும் இடரே பெரிது. 'கிவ்' என்பது கொடுத்தல். 'அப்' என்பது மேல். இவ்விரண்டும் கூடிய 'கிவ் அப்' என்பதோ கைவிடுதல் எனப் பொருள்படும். இவ்வாறு வினையும் இடைச்சொல்லும் கூடிப் புதுப்பொருள் தருவனவற்றை 'ஃபிரேசல் வெர்ப்' என்பர். லோகன் பியர்சால் ஸ்மித் என்பார் 1925-இல் வெளியிட்ட நூலொன்றில் இப்பெயரை வழங்கினார். நாம் இவற்றைக் கூட்டுவினை என்போம்.

இம்முறை தமிழர்க்குப் புதிதன்று. 'படு' என்னும் வினையை நோக்குக. உட்படுதல், புறப்படுதல், உடன்படுதல், முற்படுதல் என அது முன்னிற்கும் சொல்லுக்கேற்பப் பொருள் வேறுபடுகின்றதன்றோ? அங்ஙனமே 'புட்' என்னும் ஆங்கில வினையும், 'புட் ஆன்' என்புழி உடுத்தலையும், 'புட் ஆஃப்' என்புழி ஒத்திவைத்தலையும், 'புட் அவுட்' என்புழித் தீயணைத்தலையும் உணர்த்தும். நாம் முன்னே வைப்பதை அவர் பின்னே வைக்கின்றனர், வேற்றுமை அவ்வளவே.

இனி, இடைச்சொல் சில விடத்துத் திசையை உணர்த்தாது வினைமுடிவை உணர்த்தும். 2019-ஆம் ஆண்டுக் கோடையில் பூவிருந்தவல்லியை அடுத்த செம்பரம்பாக்கம் ஏரி வற்றிப்போயிற்று. ஈண்டுப் 'போயிற்று' என்றமையால் ஏரி எங்கும் சென்றதில்லை; முற்றும் வற்றியது என்பதே கருத்து. 'டிரைடு அப்' என்பதிலுள்ள 'அப்' என்பதும் அத்தகையதே.

சொற்கிடக்கையிலும் கருத்து வேண்டும். 'டர்ன் ஆஃப் த மெஷின்', 'டர்ன் த மெஷின் ஆஃப்' என்னும் இரண்டும் பொறியை நிறுத்துக என்னும் பொருளன, இரண்டும் வழுவற்றன. பொறியைச் சுட்டுப்பெயராற் கூறின், 'டர்ன் இட் ஆஃப்' என இடையில் வைத்தலே மரபு. 'லுக் ஆஃப்டர்', அதாவது பார்த்துக்கொள்ளுதல், ஒருகாலும் பிரியாது. 'லுக் ஆஃப்டர் ஹிம்' என்றே வரும்.

இவை தேர்வுக்கு மட்டும் உரியன அல்ல. 1964-இல் தொடங்கப்பெற்ற அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்கு ஆவடியிலிருந்தும் பூவிருந்தவல்லியிலிருந்தும் இளைஞர் பலர் வேலைக்குச் செல்கின்றனர். துடைக்குமுன் பொறியை 'டர்ன் ஆஃப்' செய்க என்னும் அறிவிப்பில், 'டர்ன்' என்பதற்குத் திருப்புதல் என்று மட்டும் கற்றவன் பொறியை நிறுத்தாமலே கைவைப்பானாயின், இழப்பது மதிப்பெண் அன்று, விரல்.

ஆகவே, கூட்டுவினைகளைப் பட்டியலாக உருவிடுதல் போதாது. 'டேக் ஆஃப்' என்பது மீனம்பாக்கத்து விமானத்துக்கு வானில் எழுதல், சட்டைக்குக் கழற்றுதல். பொருளை அறுதியிடுவது வாக்கியமே. நாளொன்றுக்கு ஒரு கூட்டுவினையை எடுத்துத் தம் ஊர்ச் செய்தியையே பொருளாக்கி மூன்று வாக்கியம் எழுதுவார்க்கு, ஆண்டிறுதிக்குள் இவ்விடர் நீங்கும். தமிழ்வினையின் இயல்பை நன்குணர்ந்தார்க்கு இன்னும் விரைவில் நீங்கும் என்பது நம் துணிபு.