5 நிமிடப் பாட்டு 23 நிமிடம் ஆன கதை

ஆல்மன் பிரதர்ஸ் பேண்ட் என்கிற அமெரிக்கக் குழு 1969-இல் 'விப்பிங் போஸ்ட்' என்ற பாட்டை ஸ்டூடியோவில் பதிவு செய்தது. நீளம் 5 நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல. 1971 மார்ச்சில் நியூயார்க்கின் ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கத்தில் அதே குழு அதே பாட்டை வாசித்தது. அது லைவ் ஆல்பமாக வந்தபோது அந்த ஒரு பாட்டுக்கு மட்டும் இசைத்தட்டின் ஒரு முழுப் பக்கம் தேவைப்பட்டது. சுமார் 23 நிமிடம்!

பாட்டு வரிகள் கூடல. மெட்டு மாறல. அப்போ மீதி 18 நிமிடம் எங்கிருந்து வந்தது? அந்தக் குழுவின் கிட்டாரிஸ்ட் டுவேன் ஆல்மன் இறந்து ஐம்பது வருஷத்துக்கு மேல ஆகியும் ரசிகர்கள் அந்த ராத்திரியைப் பத்தியே பேசுறது ஏன்? இந்த இரண்டு கேள்விக்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கு: இம்ப்ரூவைசேஷன்.

விதி இருந்தாதான் விளையாட்டு

இம்ப்ரூவைசேஷன் என்றால் மனசுக்குத் தோன்றினதை வாசிக்கிறது என்று பலர் நினைக்கிறோம். பாதி சரி. ப்ளூஸ் இசைக்கு ஒரு கறாரான சட்டம் இருக்கு. 12 'பார்' கொண்ட ஒரு சுற்று (அந்த பார் இல்ல பாஸ், இது தாளக் கணக்கில் ஒரு கட்டம்). ஒவ்வொரு கட்டத்திலும் 4 அடி, ஆக ஒரு சுற்றுக்கு 48 அடி. அதுக்குள்ள மூணே மூணு கார்ட், குறிப்பிட்ட இடங்களில் மாறி மாறி வரும். சுற்று முடிந்ததும் திரும்ப முதலில் இருந்து.

வாசிக்க அடிப்படையாக ஐந்து ஸ்வரம் போதும். மைனர் பெண்டாடோனிக் என்று கிட்டார் கிளாஸில் முதல்ல சொல்லிக்கொடுக்கிற ஸ்கேல் இது. கர்நாடக சங்கீதம் தெரிந்தவர்கள் இதே ஐந்து ஸ்வரங்களை சுத்த தன்யாசி என்பார்கள். ஸ்வரங்கள் ஒன்றானாலும் நடை வேற. ப்ளூஸ்காரர்கள் கம்பியை இழுத்து, ஒரு ஸ்வரத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவில் இருக்கிற இடத்தில் நின்று அழ வைப்பார்கள்.

மேடையில் இருக்கிற எல்லாருக்கும் இந்தச் சட்டம் மனப்பாடம். 'இப்போ எந்தக் கட்டத்தில் இருக்கோம்' என்று யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. அதனால மூளை முழுக்க அடுத்து என்ன சொல்லலாம் என்பதிலேயே இருக்கும்.

இன்னொரு வழியும் உண்டு. கார்ட் மாற்றங்களைக் குறைத்துவிட்டு, ஒரே ஆதார சுருதி மேல ரொம்ப நேரம் பயணம் செய்வது. 1966-இல் பட்டர்ஃபீல்ட் ப்ளூஸ் பேண்ட் 'ஈஸ்ட்-வெஸ்ட்' என்று 13 நிமிடத்துக்கு ஒரு இசையை வெளியிட்டது. அதில் கிட்டார் வாசித்த மைக் ப்ளூம்ஃபீல்ட் இந்திய ராக இசையில் இருந்து நேரடியாக உந்துதல் பெற்றவர். நம்ம ஊர்க் கச்சேரியில் மனோதர்மம் என்று சொல்வதை ரசித்தவர்களுக்கு இந்த இடம் அந்நியமாகவே தெரியாது. 1981-இல், 37 வயதில் ப்ளூம்ஃபீல்ட் இறந்துபோனார். டுவேன் ஆல்மனோ மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' என்கிற ஜாஸ் ஆல்பத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டு இதே வழிக்கு வந்தவர்.

மேடையில் நடக்கிற பேச்சுவார்த்தை

'விப்பிங் போஸ்ட்' தொடக்கமே 11 எண்ணிக்கையில் வரும். 3+3+3+2 என்று எண்ணிப் பாருங்க, சரியா உட்காரும். கடைசி 2-இல் கால் தடுக்கின மாதிரி ஒரு தள்ளல் இருக்கும். பாட்டை எழுதிய கிரெக் ஆல்மனுக்கு அது 11 என்றே தெரியாதாம், அண்ணன் டுவேன்தான் எண்ணிச் சொன்னாராம்.

குழுவில் ஆறு பேர். இரண்டு லீட் கிட்டார் (டுவேன், டிக்கி பெட்ஸ்), இரண்டு டிரம்மர்கள் (புட்ச் ட்ரக்ஸ், ஜெய்மோ), பேஸில் பெர்ரி ஓக்லி, ஆர்கனும் குரலும் கிரெக். 23 நிமிடத்துக்கு நடுவில் தாளம் கிட்டத்தட்ட நின்றே போகிற இடங்கள் இருக்கு. ஒரு கிட்டார் மெதுவா ஏதோ கேட்கும். பேஸ் ஒரு பதில் சொல்லும். அந்தப் பதில் பிடிச்சிருந்தா டிரம்ஸ் உள்ளே வரும், பிடிக்கலைன்னா பேச்சு வேற பக்கம் திரும்பும். எங்கே ஏறணும், எங்கே இறங்கணும் என்று எழுதி வைத்த தாள் கிடையாது. ஒருத்தர் காதை மூடிக்கொண்டால் மொத்தமும் சரிந்துவிடும். அந்த 18 நிமிடம் வந்தது இந்தக் கேட்டலில் இருந்துதான்.

டுவேனின் இன்னொரு ஆயுதம் ஸ்லைடு. கோரிசிடின் என்கிற சளி மருந்து வரும் சின்னக் கண்ணாடி பாட்டிலை விரலில் மாட்டிக் கம்பி மேல வழுக்குவார். கட்டைகளில் அழுத்தி வாசிக்கும்போது ஸ்வரம் படிப்படியாக மாறும். ஸ்லைடில் வழுக்குப் பாதை மாதிரி தொடர்ச்சியாக மாறும். ஒரு மில்லிமீட்டர் தவறினாலும் அபஸ்வரம். பிடித்துக்கொள்ளப் படிக்கட்டு கிடையாது, காது ஒன்றுதான் துணை.

பட்டியல் இல்லாத கச்சேரி

அயர்லாந்தின் ரோரி காலகர் வேற மாதிரி ஆள். இன்னின்ன பாட்டு, இந்த வரிசை என்று முடிவு செய்துகொண்டு மேடை ஏறும் பழக்கம் அவருக்கு இல்லை. கூட்டத்தின் மூடைப் பார்த்து அடுத்த பாட்டைத் தொடங்குவார். கூட வாசிக்கிறவர்கள் முதல் சில நோட்டுகளிலேயே புரிந்துகொண்டு ஓடிவர வேண்டியதுதான். 1963-இல் கார்க் நகரத்துக் கடையில் 100 பவுண்டுக்கு வாங்கிய செகண்ட் ஹேண்ட் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கடைசி வரை அவரிடம் இருந்தது. பெயிண்ட் முழுக்க உரிந்து மரம் தெரிகிற அந்தக் கிட்டாரை ரசிகர்கள் படத்தில் பார்த்தாலே அடையாளம் சொல்வார்கள்.

1970-களில் வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் குண்டுவெடிப்புகளால் நடுங்கிக்கொண்டிருந்தது. பல குழுக்கள் அந்த ஊர்ப் பக்கமே போகல. ரோரி போனார், திரும்பத் திரும்பப் போனார். அல்ஸ்டர் ஹாலில் கத்தோலிக்க இளைஞர்களும் புராட்டஸ்டண்ட் இளைஞர்களும் ஒரே கூரைக்குக் கீழே நின்று அவரைக் கேட்டார்கள். வெளியே தெரு பிரிந்து கிடந்தது. உள்ளே சில மணி நேரம் எல்லாரும் ஒரே தாளத்துக்குத் தலையாட்டினார்கள். 'ஐரிஷ் டூர் '74' லைவ் ஆல்பத்தில் அந்தச் சூட்டை இன்றைக்கும் கேட்கலாம். ரோரி 1995-இல், 47 வயதில் இறந்தார். அவர் பிறந்த பாலிஷானன் ஊரில் அவருக்கு வெண்கலச் சிலை இருக்கு, வருடாவருடம் விழாவும் நடக்குது.

செத்துட்டதாலதான் பெருசா தெரியுதா?

நியாயமான கேள்வி. டுவேன் 1971 அக்டோபர் 29 அன்று ஜார்ஜியாவின் மேகன் நகரில் பைக் விபத்தில் இறந்தபோது வயது 24. அடுத்த வருடம் நவம்பரில் பெர்ரி ஓக்லியும் அதே ஊரில், சில தெருக்கள் தள்ளி, பைக் விபத்திலேயே இறந்தார். அவருக்கும் 24. இப்படி ஒரு சோகம் சேர்ந்தால் சுமாரான வாசிப்புகூட அமரத்துவம் ஆகிவிடாதா?

தேதிகளைப் பாருங்க. ஃபில்மோரில் அந்தக் கூட்டம் கத்தினது மார்ச்சில். ஆல்பம் வந்தது ஜூலையில். அதற்குத் தங்கத்தட்டுச் சான்று கிடைத்தது அவர் இறப்பதற்குச் சில நாட்கள் முன்னால். கைதட்டினவர்கள் உயிரோடு இருக்கிற ஒரு கிட்டாரிஸ்டுக்குத்தான் கைதட்டினார்கள்.

மரணம் மாற்றியது வேறொன்றை, எண்ணிக்கையை. உயிரோடு இருக்கிற கலைஞர் என்றால் நாளைக்கு இன்னொரு கச்சேரி உண்டு. இறந்தவருக்குப் பதிவான ராத்திரிகள் இவ்வளவுதான், இனி கூடாது. அதனால்தான் 2014-இல் 1971 ஃபில்மோர் கச்சேரிகளின் பதிவுகளை ஆறு சிடி தொகுப்பாகப் போட்டபோது, ஒரே பாட்டு பல தடவை வந்தும் யாரும் சலித்துக்கொள்ளல. முதல் நாள் இந்த இடத்தில் இடது பக்கம் திரும்பினார், அடுத்த நாள் ஏன் நேராகப் போனார் என்று ஒப்பிட்டுக் கேட்கிறார்கள்.

காப்பி அடிச்சா மரியாதையா?

இப்போ யூடியூபில் டுவேனின் சோலோவை ஒரு நோட் விடாமல் வாசிக்கும் பசங்க நிறைய. கற்றுக்கொள்ள அது நல்ல வழி. ஆனா அதோடு நின்றால், அவர் அன்றைக்குச் செய்ததற்கு நேர் எதிரானதைச் செய்கிறோம். அவர் அடுத்த நோட் தெரியாமல் வாசித்தார், நாம் தெரிந்துகொண்டு வாசிக்கிறோம்.

மரியாதை எப்படிச் செய்வது என்று டுவேனே காட்டியிருக்கிறார். 1971 ஆகஸ்ட் 13 அன்று அவருடைய நண்பர், சாக்ஸபோன் கலைஞர் கிங் கர்டிஸ் நியூயார்க்கில் குத்திக் கொல்லப்பட்டார். அதே மாதம் 26-ஆம் தேதி, நியூயார்க் ஸ்டூடியோ ஒன்றில் இருந்து வானொலிக்காக ஆல்மன் பிரதர்ஸ் வாசித்தார்கள். 'யூ டோன்ட் லவ் மீ' பாட்டின் நடுவில் டுவேன் மெதுவாகத் திரும்பி, கிங் கர்டிஸின் 'சோல் செரினேட்' மெட்டுக்குள் போகிறார். கொஞ்ச நேரம் அங்கேயே நிற்கிறார். அப்புறம் பழைய பாட்டுக்குத் திரும்புகிறார். நண்பரின் மெட்டை எடுத்துத் தன் பேச்சில் சேர்த்துக்கொண்டார். இரண்டு மாதம் கழித்து அவரும் இல்லை.

கேட்க ஆரம்பிக்கணும்னா இப்படிப் பண்ணுங்க. முதல்ல 5 நிமிட 'விப்பிங் போஸ்ட்'. 11 எண்ணிப் பழகுங்க. அப்புறம் ஒரு நாள் ராத்திரி ஹெட்ஃபோன் போட்டு, போனைக் கவுத்து வெச்சுட்டு, 23 நிமிடப் பதிவு. டுவேனை மட்டும் கேட்காதீங்க, அவர் வாசிக்காமல் நிறுத்துகிற இடங்களில் மத்தவங்க என்ன பண்றாங்கன்னும் கேளுங்க. கடைசியில் கைதட்டலுக்கு நடுவில் டிரம்ஸ் அடங்காமல் உருண்டுகொண்டே இருக்கும். அடுத்த பாட்டு தொடங்கிவிட்டது. அது 'மவுண்டன் ஜாம்', 33 நிமிடம்.