நொய்யல் கரைக்கு ஒரு பை

ஊர் ஊருக்குச் சரக்கு கட்டி அனுப்பும் மங்கலம், தனக்கென ஒன்று கட்டி வைக்க வேண்டிய நேரம் இது.

திருப்பூருக்குப் பக்கத்திலிருக்கும் மங்கலத்தில் வெள்ளம் பற்றிப் பேச்செடுத்தால், "இங்கெல்லாம் எங்கீங்க வெள்ளம் வரப் போகுது?" என்பதுதான் முதல் பதிலாக வரும். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கும் மாவட்டம் திருப்பூர். ஆண்டு முழுக்கப் பெய்தாலும் மழை 600 மில்லிமீட்டரைச் சுற்றியேதான் நிற்கும். தண்ணீர் வராத கவலையோடு வளர்ந்த ஊருக்கு, தண்ணீர் வந்துவிடும் என்ற கவலை எப்படி வரும்?

தூத்துக்குடியும் வறண்ட மாவட்டம்தான். அங்கேதான் 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் வானம் பொத்துக்கொண்டது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் மட்டும் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை. அந்த மாவட்டத்துக்கு ஓராண்டில் கிடைப்பதைவிட அதிகமான மழை ஒரே நாளில் கொட்டித் தீர்த்தது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. தண்டவாளத்தை வெள்ளம் அரித்துவிட்டிருந்தது. ரயிலில் இருந்தவர்கள் ஏறத்தாழ 800 பேர். ஒரு பகுதியினர் பக்கத்துப் பள்ளிக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். மற்றவர்கள் 19ஆம் தேதி வரை ரயிலுக்குள்ளேயே கிடந்தார்கள். ஹெலிகாப்டர் வரும்வரை அவர்களுக்குச் சோறு பொங்கிப் போட்டவர்கள் அக்கம்பக்கத்துக் கிராமத்து மக்கள்தான்.

திருப்பூரும் தப்பிய ஊர் இல்லை. 2011 நவம்பரில் ஒரே இரவில் பெய்த மழையில் ஓடைகள் பொங்கின. கரையோரக் குடியிருப்புகளில் தூங்கிக்கொண்டிருந்தவர்களைத் தண்ணீர்தான் எழுப்பியது. வீடுகள் போயின, உயிர்களும் போயின. ஆண்டு முழுக்கக் குப்பையும் முள்செடியுமாகக் கிடக்கும் பள்ளத்தில் அவ்வளவு தண்ணீர் வரும் என்று யாரும் கணக்குப் போட்டிருக்கவில்லை.

நொய்யல் ஆற்றின் சேதியே வேறு. அது பிறப்பது வெள்ளியங்கிரி மலைத்தொடரில். கோவையைத் தாண்டி, சூலூர், சாமளாபுரம் வழியாக மங்கலம் வந்து, திருப்பூருக்குள் நுழைந்து, கடைசியில் கரூர்ப் பக்கம் காவிரியில் சேர்கிறது. தென்மேற்குப் பருவத்தில் மலையில் பெருமழை பெய்தால், மங்கலத்தில் வெயில் அடிக்கும்போதே ஆற்றில் தண்ணீர் ஏறும். நல்லம்மன் தடுப்பணைப் பக்கம் ஆறு இரு கரை தொட்டுப் போகும் நாட்களில் வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேர்வதும், செல்பி எடுப்பதும் வழக்கம். உள்ளூர் வானத்தைப் பார்த்து முடிவு செய்யும் வழக்கம் இந்த ஆற்றிடம் செல்லாது.

மூன்று நாள் கணக்கு

உலகம் முழுக்கப் பேரிடர்த் துறையினர் சொல்வது ஒன்றுதான்: முதல் 72 மணி நேரத்துக்கு உங்களை நீங்களே பார்த்துக்கொள்ளத் தயாராக இருங்கள். அரசு வராது என்று இதற்கு அர்த்தமில்லை. சாலை அறுந்து, செல்போன் கோபுரம் அணைந்து, ஒரே நேரத்தில் நூறு ஊர் கூப்பிடும்போது உதவி வந்து சேர அவ்வளவு நேரம் பிடிக்கும். தமிழ்நாட்டில் தேசியப் பேரிடர் மீட்புப் படையின் தளம் அரக்கோணத்தில் இருக்கிறது. அங்கிருந்து வண்டி கிளம்பி நம் தெருவுக்கு வருவதற்குள் ஓர் இரவாவது கழிந்துவிடும்.

அந்த மூன்று நாளுக்கென ஒவ்வொரு வீடும் கட்டி வைக்க வேண்டியது ஓர் அவசரப் பை. வீட்டைவிட்டு ஐந்து நிமிடத்தில் வெளியேறச் சொன்னால், யோசிக்காமல் தோளில் மாட்டிக்கொண்டு போகிற மாதிரி இருக்க வேண்டும். கடையில் தேட வேண்டியதில்லை. மங்கலம், சோமனூர்ப் பக்கம் தறியில் ஓடுவது காடாத் துணி. அதில் இரண்டு பட்டை வைத்து ஒரு முதுகுப் பை தைக்கத் தெரியாத டெய்லர் இங்கே கிடையாது. பனியன் கம்பெனி பேக்கிங் செக்‌ஷனில் வேலை பார்ப்பவருக்கு ஈரம் புகாமல் கட்டும் வித்தையும் தெரியும். கப்பலில் வாரக் கணக்கில் போகும் சட்டைக்குச் செய்வதை, வீட்டுச் சான்றிதழுக்கும் செய்தால் போதும்: பாலி கவர் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு, உள்ளே சிலிகா ஜெல் பொட்டலம், வாயில் டேப்.

முதலில் காகிதம்

வெளிநாட்டுப் பட்டியல்களில் தண்ணீரும் டப்பா உணவும் முதலில் வரும். நம் ஊரில் முதலிடம் காகிதத்துக்குத்தான். 2015 டிசம்பர் சென்னை வெள்ளம் வடிந்தபோது, வீடு வீடாகக் காய வைக்கப்பட்டவை மார்க் ஷீட்டும் பத்திரமும்தான். தொலைந்த சான்றிதழ்களுக்கு நகல் கொடுக்க அரசு தனியாக முகாம்களே நடத்த வேண்டியிருந்தது. நனைந்துபோன பாஸ்போர்ட்டுகளுக்குக் கட்டணமில்லாமல் புதியவை தரப்பட்டன. பெரிய நகரம், எல்லார் கண்ணும் பார்த்த வெள்ளம் என்பதால் அது நடந்தது. ஒரு லைன் வீட்டு வரிசையில் மட்டும் தண்ணீர் புகுந்தால் யார் முகாம் போடுவார்கள்?

ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் பாஸ்புக், பிள்ளைகளின் டி.சி., மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ், முதல்வர் காப்பீட்டு அட்டை, பி.எஃப். எண் எழுதிய தாள். இவற்றோடு, இந்த வட்டாரத்தில் எந்தக் குடும்பமும் விட்டுவிடக் கூடாதவை இரண்டு: நகை அடகு ரசீது, சீட்டுப் புத்தகம். தினமும் தேவைப்படாதவற்றின் அசலைப் பையிலேயே வைத்துவிடலாம். தேவைப்படுபவற்றுக்கு ஜெராக்ஸ் வைக்கலாம். எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து, வெளியூரிலிருக்கும் ஓர் உறவினருக்கும் அனுப்பி வைப்பது நல்லது. டிஜிலாக்கரில் ஏற்றத் தெரிந்தவர்கள் ஏற்றிவிடலாம். போனே நனைந்துபோனால் என்ன செய்வது என்பதற்காக, முக்கியமான பத்து எண்களை ஒரு தாளில் எழுதி அதே கவருக்குள் போடுங்கள். மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டத்துக்கு 1077, அவசர உதவிக்கு 112, ஆம்புலன்ஸுக்கு 108.

பணம் ஆயிரமோ இரண்டாயிரமோ, பத்து, ஐம்பது, நூறு ரூபாய்த் தாள்களாக இருக்கட்டும். டீக்கடை வரைக்கும் ஜிபே என்று ஆன பிறகு சில்லறை கையில் இல்லாத வீடுகளே அதிகம். கரண்டும் டவரும் போனால் ஸ்கேன் அட்டை வெறும் அட்டைதான்.

பைக்குள் என்ன

மருந்து அடுத்தது. சுகர், பிரஷர் மாத்திரை ஒரு வாரத்துக்குத் தனியாக, மருந்துச் சீட்டோடு. 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வாங்குபவர்கள், வாங்கிய உடனே ஒரு பட்டையைப் பைக்கு ஒதுக்கிவிடலாம். இன்சுலின் போடுபவர்கள் அதைப் பையில் அடைத்து வைக்க முடியாது. ஃபிரிட்ஜில் எந்த இடம் என்பதை வீட்டில் எல்லாரும் அறிந்திருக்க வேண்டும். பஞ்சுத் தூசியில் நாள் முழுக்க நிற்கும் ஊர் இது. மூச்சு இரைப்பு உள்ளவர்களுக்கு இன்ஹேலர் ஒன்று கூடுதலாக. ஓ.ஆர்.எஸ். பொட்டலம், காயத்துக்குப் பஞ்சும் மருந்தும், பெண்களுக்கு நாப்கின். முகாமில் கேட்கக் கூச்சப்பட்டு அவதிப்படுவது எல்லா வெள்ளத்திலும் நடக்கிறது.

தண்ணீர்க் கணக்கு கொஞ்சம் கடினம். ஆளுக்கு நாளைக்கு 3 லிட்டர் என்றால், நான்கு பேருக்கு மூன்று நாளைக்கு 36 லிட்டர். அதை யாரும் தூக்க முடியாது. பையில் ஆளுக்கு ஒரு லிட்டர் பாட்டில், கூடவே குளோரின் மாத்திரை. வெளியேறாமல் வீட்டிலேயே சிக்கிக்கொள்ளும் நிலைக்கு, மழை எச்சரிக்கை வந்ததுமே மூடி போட்ட கேன்களை நிரப்பி மேலே ஏற்றிவிட வேண்டும்.

சாப்பாட்டுக்கு அடுப்பு கேட்காதது: பொட்டுக்கடலை, கடலை மிட்டாய், அவல், பேரீச்சை, ரஸ்க். டார்ச், பவர் பேங்க், விசில். இருட்டில் கத்திக் கத்தித் தொண்டை கட்டினாலும் விசில் சத்தம் தூரம் போகும். மெழுகுவத்தி வேண்டாம், வேஸ்ட் பஞ்சும் துணியும் குவிந்திருக்கும் வட்டாரத்தில் அது இன்னொரு ஆபத்து. ஆளுக்கு ஒரு மாற்றுத் துணி, ஒரு துண்டு போதும். வெள்ளத்தில் வெறுங்காலோடு நடந்தால் கண்ணாடி குத்தும், அதனால் பழைய ஷூ ஒரு ஜோடி.

பை யார் கையில்

இந்த ஊரில் இதுதான் முக்கியமான கேள்வி. பகல், இரவு என்று மாறி மாறி ஷிப்ட் ஓடும் இடத்தில், தண்ணீர் வரும் நேரத்தில் அப்பா தறிக் குடோனிலும் அம்மா கம்பெனியிலும் இருக்கலாம். வீட்டில் இருப்பது பாட்டியும் ஆறாம் வகுப்புப் பிள்ளையும். அப்படியானால் அந்தப் பிள்ளை தூக்குகிற எடையில்தான் பை இருக்க வேண்டும். கதவுக்குப் பக்கத்தில், ஆணியில், அதன் கைக்கு எட்டும் உயரத்தில். மெயின் ஸ்விட்ச்சை அணைப்பது எப்படி, எந்த மேட்டுக்குப் போய் நிற்பது, யாருக்கு முதலில் போன் செய்வது என்ற மூன்றையும் அதற்குச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

பள்ளத்தை ஒட்டிய லைன் வீடுகளில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள் குடியிருக்கிறார்கள். தமிழில் மைக் கட்டிச் சொல்லும் எச்சரிக்கை அவர்களுக்குப் போய்ச் சேராது. அவர்களை வேலைக்கு வைத்திருக்கும் கம்பெனியும் வாடகை வாங்கும் வீட்டுக்காரரும்தான் இதைச் செய்ய முடியும்: அவர்கள் மொழியில் ஒரு வாட்ஸ்அப் குரல் செய்தி, வரிசைக்கு ஒரு பொதுப் பை, இரவில் தட்டி எழுப்ப ஓர் ஆள்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். பள்ளத்தின் ஓரத்தில் வீடு இருப்பதற்குக் காரணம் குடியிருப்பவரின் அறியாமை கிடையாது. அங்கேதான் வாடகை கட்டுப்படியாகிறது. ஓடையைத் தூர்வாருவதும், ஆக்கிரமிப்பை எடுப்பதும், நேரத்துக்கு எச்சரிப்பதும் அரசின் வேலை. 2005ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டம் அந்தப் பொறுப்பை மாவட்ட நிர்வாகத்தின் தலையில்தான் வைத்திருக்கிறது. பை கட்டியாயிற்று என்பதற்காக அதைக் கேட்காமல் விட்டுவிடக் கூடாது.

ஆயுத பூசை வேலை

பையைக் கட்டுவதைவிட, கட்டிய பையை மறக்காமல் இருப்பதுதான் கடினம். மாத்திரை காலாவதியாகும், கடலை சிக்கு வாடை அடிக்கும், டார்ச் செல் கசியும். ஜப்பானியர் செப்டம்பர் 1ஐ இதற்கென வைத்திருக்கிறார்கள். 1923இல் டோக்கியோவை அழித்த நிலநடுக்கத்தின் நாள் அது. 1960 முதல் பேரிடர்த் தடுப்பு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. பலர் அன்று தங்கள் பையைப் பிரித்துப் பார்க்கிறார்கள்.

நமக்குப் புது நாள் தேட வேண்டியதில்லை. ஆயுத பூசை வந்தால் தறியைத் துடைக்கிறோம், மெஷினுக்கு எண்ணெய் விடுகிறோம், லாரிக்குக்கூட மாலை போடுகிறோம். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதும் அதை ஒட்டித்தான். மெஷின் துடைக்கும் அன்றைக்கே பையையும் பிரித்து, கடலையைத் தின்றுவிட்டுப் புதிதாகப் போடலாம். தென்மேற்குப் பருவத்துக்கு முன்னால் இன்னொரு முறை, ஜூனில் பள்ளி திறக்கும்போது. புது வகுப்புக்குப் பிள்ளை மாறியதும் சான்றிதழ் கவரும் மாற வேண்டும் அல்லவா?

தைத்த கூலி, பாட்டில், டார்ச், கடலை எல்லாம் சேர்த்தாலும் தீபாவளி போனஸில் ஒரு சிறு பங்குகூட ஆகாது. எக்ஸ்போர்ட் ஆர்டருக்கு டெலிவரி தேதி தப்பக் கூடாது என்று இரவு பகலாக ஓடுகிற ஊர் இது. வெள்ளத்துக்குத் தேதி கிடையாது. அதனால் இந்த ஒரு சரக்கை மட்டும் முன்கூட்டியே கட்டி வைத்துவிடுவோம்.