பொயிலருக்கும் விலை கேட்போம்



நாம் விடியுமுன் எழுந்து சந்தைக்குப் போகிறவர்கள். ஒரு பெட்டி முருங்கைக்காயில் இருபது பென்ஸ் கூடினாலும் ஏன் கூடியது என்று கேட்காமல் விடமாட்டோம். அரிசி மூட்டையின் வாயைப் பிரித்து, கையில் அள்ளிப் பார்த்த பிறகுதான் விலை பேசுவோம். அப்படிப்பட்ட நாமே, வீட்டில் பொயிலர் நின்றுவிட்டால், முதலில் வந்தவர் சொன்ன விலைக்குத் தலையாட்டிவிடுகிறோம். இங்கிலாந்தின் குளிர் அப்படி ஆக்கிவிடுகிறது.

இந்த விடயத்தில் நாம் இரண்டு தடவை பாடம் படித்தோம். முதலாவது மலிவில், இரண்டாவது அதிக விலையில். இரண்டையும் மறைக்காமல் எழுதுகிறோம். படித்தவர்களாவது தப்பிக்கொள்ளட்டும்.

மலிவு தந்த பாடம்

2011ஆம் ஆண்டு எமது கடையின் மேல்மாடியில் ஒரு குடும்பம் வாடகைக்கு இருந்தது. கணவன், மனைவி, ஆறு மாதக் குழந்தை. பொயிலர் பழுதாகிவிட, தெரிந்தவர் ஒருவர் மூலம் ஒரு பெடியன் வந்து புதியது போட்டுத் தந்தான். 900 பவுண், கையில் காசு, பற்றுச்சீட்டு இல்லை. மலிவாக முடித்துவிட்டோம் என்று நாலு பேரிடம் பெருமையும் பேசினோம்.

வாடகைக்கு விடுபவர் வருடத்துக்கு ஒரு முறை காஸ் பரிசோதனை செய்விக்க வேண்டும் என்பது சட்டம். அடுத்த வருடம் அதற்காக வந்தவர் புகைக்குழாயைப் பார்த்ததும் ஒன்றும் பேசாமல் காஸை மூடினார். 'உடனடி ஆபத்து' என்று எழுதிய எச்சரிக்கைத் துண்டைப் பொயிலரில் கட்டினார். குழாயின் மூட்டு ஒழுங்காகப் பொருத்தப்படவில்லை. எரிந்த புகை வெளியே போகாமல் அறைக்குள் கசியக்கூடிய நிலை. கார்பன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அந்தக் குழந்தை ஒரு குளிர்காலம் முழுவதும் அதற்கு அடுத்த அறையில் நித்திரை கொண்டது. தெய்வாதீனமாக ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அன்றிரவு எமக்குக் கண் மூடவில்லை. பெடியனின் தொலைபேசியும் அதற்குப் பிறகு வேலை செய்யவில்லை. பிழை அவனுடையது மட்டுமல்ல. அட்டையைக் கேட்காத எமதும்தான்.

காஸ் வேலை செய்பவர் காஸ் சேஃப் பதிவில் இருக்க வேண்டும். முன்பு கோர்கி என்று இருந்ததை 2009 ஏப்ரல் முதல் இந்தப் பதிவு மாற்றியது. வருபவரிடம் படம் போட்ட அட்டை இருக்கும். பின்புறத்தையும் திருப்பிப் பாருங்கள். எந்தெந்த வேலைக்கு அவருக்குத் தகுதி உண்டு என்பது அங்கேதான் எழுதியிருக்கும். கடைக்கு மேலே ஆட்களைக் குடியிருத்தியவர்கள் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். வாடகை வீட்டில் காஸ் பொயிலர் உள்ள அறையில் கார்பன் மொனொக்சைட் அலாரம் வைக்க வேண்டும் என்பது 2022 ஒக்டோபர் முதல் இங்கிலாந்தில் கட்டாயம்.

அதிக விலை தந்த பாடம்

2022 டிசம்பரில் லண்டனில் பனி கொட்டிய அந்த வாரம், எமது சொந்த வீட்டுப் பொயிலர் நின்றது. 2007இல் போட்டது. மறுநாள் ஒரு கம்பனியின் விற்பனையாளர் வந்தார். பொயிலரின் மூடியைக்கூடத் திறக்கவில்லை. வயதைக் கேட்டார், "இது முடிந்துவிட்டது" என்றார். 35 கிலோவாற் புதியது 4,650 பவுண், இன்றைக்கே கையெழுத்து வைத்தால் 400 கழிவு என்று பேனாவை நீட்டினார். நாமும் பேனாவை வாங்கிவிட்டோம். அப்போதுதான் வீட்டுக்காரி சமையலறையிலிருந்து குரல் கொடுத்தா:

"இஞ்சருங்கோ, ஒரு மூட்டை அரிசியை அள்ளிப் பாக்காமல் வாங்கமாட்டியள். உள்ளுக்கு என்ன இருக்கெண்டு தெரியாத பெட்டிக்கு நாலாயிரம் குடுக்கப்போறியளோ?"

பேனாவைத் திருப்பிக் கொடுத்தோம். பின்னேரம் எம்மிடம் சாமான் எடுக்கும் கடைக்காரத் தம்பி ஒருவர் விடயத்தைக் கேட்டுவிட்டு, "அண்ணை, வெளியாலை போற பிளாஸ்ரிக் குழாயைப் பாத்தனீங்களோ?" என்றார். 2005 ஏப்ரலுக்குப் பிறகு இங்கே போடப்படும் பொயிலர்கள் பெரும்பாலும் புகையிலுள்ள நீராவியைக் குளிரவைத்து அந்தச் சூட்டையும் எடுப்பவை. அதில் சேரும் நீர் ஒரு சிறிய குழாய் வழியாக வெளியே போகும். கடும் குளிரில் அந்தக் குழாய் உறைந்துவிட்டால் பொயிலர் களகளவென்று சத்தமிட்டு நின்றுவிடும். எமதும் அதுதான். கொதிநீர் அல்ல, வெதுவெதுப்பான நீரை இரண்டு கேத்தில் ஊற்றினோம். பொத்தானை அழுத்தினோம். எரிந்தது!

'முடிந்துபோன' அந்தப் பொயிலர் அந்தக் குளிர்காலம் முழுவதும் வேலை செய்தது. ஆனாலும் வயது போனதுதான். உள்ளே கசிவும் தொடங்கியிருந்தது. ஆகவே அடுத்த யூன் மாதத்தில், வேலையாட்களுக்கு ஓய்வு இருக்கும் நேரம் பார்த்து, மூன்று பேரைக் கூப்பிட்டு விலை கேட்டோம். வரி உட்பட 2,480 பவுணுக்கு நல்ல வேலை முடிந்தது. தீபாவளிக்கு முதல் நாள் பட்டாசு வாங்குபவன் கொடுக்கும் விலை எது, முன்கூட்டியே வாங்குபவன் கொடுக்கும் விலை எது என்பது நமக்குத் தெரியாததா?

என்ன கேட்க வேண்டும்?

மொத்தத் தொகையை மட்டும் கேட்காதீர்கள். பற்றுச்சீட்டில் சாமான் சாமானாக எழுதுவதுபோல எழுதித் தரச் சொல்லுங்கள்.

1. பொயிலரின் பெயர், மாதிரி, கிலோவாற். பெரியதுதான் நல்லது என்பது இல்லை. கொம்பி பொயிலரில் கிலோவாற் பெரும்பாலும் சுடுநீருக்கே. 24 கிலோவாற் நிமிடத்துக்கு ஏறக்குறைய பத்து லீற்றர் சுடுநீர் தரும். சமையலறைக் குழாயை முழுதாகத் திறந்து ஒரு நிமிடம் வாளியில் பிடித்துப் பாருங்கள். எமது வீட்டில் பதினொரு லீற்றர்தான் வந்தது. வராத தண்ணீரைச் சூடாக்க 35 கிலோவாற் எதற்கு?

2. பழைய குழாய்களையும் றேடியேற்றர்களையும் கழுவுதல், இரும்புத் துகளைப் பிடிக்கும் காந்த வடிகட்டி. இவை விலைக்குள் அடங்குமா? கழுவாமல் போட்டால் பழைய சேறு புதிய பொயிலரைக் கெடுக்கும்.

3. புகைக்குழாய், காஸ் குழாயைப் பெரிதாக்குதல், வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி, பழையதை அகற்றுதல். பிறகு 'எக்ஸ்ரா' என்று வருவன இவைதான்.

4. உத்தரவாதம் எத்தனை வருடம்? சாமானுக்கு மட்டுமா, கூலிக்கும் சேர்த்தா? வருடாந்தப் பராமரிப்பு செய்யாவிட்டால் பெரும்பாலான உத்தரவாதங்கள் செல்லாமற் போகும்.

5. வேலை முடிந்ததும் அறிவித்தல் கொடுத்து, கட்டட விதிச் சான்றிதழ் வரச் செய்வாரா? வீட்டை விற்கும் நாளில் வழக்கறிஞர் கேட்பது அதைத்தான்.

6. வற் வரி உள்ளேயா வெளியேயா? தனியாளாக வேலை செய்பவர் வரிப்பதிவு எல்லைக்குக் கீழே இருந்தால் வற் இல்லாமல் வாங்குவது நேர்மையானதே. பற்றுச்சீட்டே இல்லை என்பதுதான் கூடாது.

பணம் கொடுக்கும்போது

முழுப் பணத்தையும் முன்கூட்டிக் கொடுக்காதீர்கள். முற்பணத்தைக் கடனட்டையில் கொடுப்பது நல்லது. விலை 100 பவுணுக்கு மேல் 30,000 பவுண் வரை இருந்தால், 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டப்படி அட்டைக் கம்பனியும் பொறுப்பாளி. வீட்டுக்கு வந்து எழுதுவித்த ஒப்பந்தத்தைப் பதினான்கு நாட்களுக்குள் இரத்துச் செய்யும் உரிமையும் உண்டு. அதற்குள் வேலையைத் தொடங்கச் சொல்லியிருந்தால், செய்த அளவுக்குப் பணம் கொடுக்க வேண்டிவரும். இந்த உரிமை நுகர்வோருக்கே உரியது, வியாபாரத்துக்கு அல்ல. வீட்டு வேலையைக் கடைப் பெயரில் எழுதுவிக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அதை விட்டுவிடுங்கள்.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். குளிரில் நடுங்குபவனுக்கும் அப்படித்தான். ஒரு மின்சார ஹீற்றரை வாங்கி வீட்டில் வைத்திருங்கள். பொயிலர் நின்றால் இரண்டு நாள் யோசிக்க அது நேரம் தரும். அந்த இரண்டு நாள்தான் எமக்கு ஆயிரத்து எழுநூறுக்கு மேல் மிச்சம் பிடித்துத் தந்தது.

நியாய விலை என்பது ஆகக் குறைந்த விலை அல்ல. 900 பவுணுக்கு வாங்கியது ஒரு குழந்தையின் உயிரைப் பணயம் வைத்த மலிவு. வாங்குபவனும் ஏமாறாமல், வேலை செய்பவனும் அவசரமின்றி ஒழுங்காகச் செய்து முடிக்கப் போதுமானதாக இருப்பதே நியாய விலை. நம் கடைக்கு வருபவர்களிடம் நாம் எதிர்பார்ப்பதும் அதுதானே. பனி வருமுன் உங்கள் பொயிலரின் வயதை ஒருமுறை பாருங்கள்.