முந்திரி வாங்க ஆப்பிரிக்கா போகிறவருக்கு

பண்ருட்டியில் உடைபடும் முந்திரிக்கொட்டையில் கணிசமான பகுதி மேற்கு ஆப்பிரிக்காவில் விளைந்தது. பிப்ரவரி பிறந்தால் ஐவரி கோஸ்ட், கானா, பெனின் பக்கம் சீசன். நம் வியாபாரிகள் அங்கே போய், மூட்டைகளிலிருந்து மாதிரி எடுத்து, கொட்டைகளை இரண்டாக வெட்டிப் பார்த்து, 80 கிலோ மூட்டைக்கு எத்தனை பவுண்டு பருப்பு தேறும் என்று கணக்குப் போட்டு விலை பேசுவார்கள். வழிப்பறி, போலி ஏஜெண்ட், பாஸ்போர்ட் பத்திரம் என்றுதான் வீட்டில் சொல்லி அனுப்புவார்கள். வேண்டிய எச்சரிக்கைகள்தான். ஆனால் சாலை விபத்தை விட்டுவிட்டால், அங்கே உயிருக்கு உலை வைக்கக்கூடியவை இரண்டு கொசுக்கள்: ஒன்று பகலில் கடிக்கும், மற்றது இரவில்.

பகல் கொசு ஏடிஸ். நம் ஊரில் டெங்குவைப் பரப்பும் அதே கொசு, அங்கே மஞ்சள் காய்ச்சலையும் பரப்புகிறது. நோய் முற்றிக் கல்லீரல் கெட்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் பிழைப்பதில்லை. அந்த வைரஸை ஒழிக்க மருந்து கிடையாது. வராமல் தடுக்க ஊசி உண்டு.

அந்த ஊசியின் கதை தொடங்கிய இடமும் கானாதான். 1927-ல் அங்கே காய்ச்சலில் கிடந்த அசிபி என்ற இளைஞரின் ரத்தத்தை எடுத்து ஒரு குரங்குக்குச் செலுத்தினார்கள். குரங்கு செத்தது; அசிபி பிழைத்துக்கொண்டார். அந்த ஆய்வில் இருந்த ஏட்ரியன் ஸ்டோக்ஸ் அதே ஆண்டு லாகோஸில் மஞ்சள் காய்ச்சலுக்கே பலியானார். மறு ஆண்டு அக்ராவில் ஜப்பானிய விஞ்ஞானி நொகுச்சி. அசிபியின் ரத்தத்திலிருந்து பிரித்த வைரஸை நியூயார்க்கில் மாக்ஸ் தெய்லர் குழுவினர் எலிக்கரு, கோழிக்கரு திசுக்களில் நூறு முறைக்கு மேல் மாற்றி மாற்றி வளர்த்தார்கள். வளர வளர அதன் கொடுமை குறைந்தது. உடலுக்கு எதிர்ப்பாற்றல் கற்றுத்தரும் குணம் மட்டும் போகவில்லை. இதற்காக 1951-ல் தெய்லருக்கு நோபல் பரிசு. இன்று உலகெங்கும் போடப்படும் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி எல்லாமே அந்த வைரஸின் வாரிசு.

அது உயிருள்ள வைரஸ். உடலுக்குள் போய்ப் பெருகி, எதிர்ப்பொருள் உருவாக நாள் பிடிக்கும். சான்றிதழ் பத்தாவது நாளிலிருந்துதான் செல்லும் என்பதற்கு இதுவே காரணம். புறப்படும் வாரத்தில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டுக்கு ஓடிப் பயனில்லை. முட்டை ஒவ்வாமை உள்ளவர்களும் அறுபதைத் தாண்டியவர்களும் முன்கூட்டியே டாக்டரிடம் பேச வேண்டும். ஊசி போடாமல் திரும்பினால் இந்திய விமான நிலையத்தில் ஆறு நாள் வரை தனியே வைத்துவிடுவார்கள். அதிகாரிகளின் கெடுபிடி என்று சலித்துக்கொள்ள வேண்டாம். இங்கே ஏடிஸ் இல்லாத தெரு இல்லை. ஆனாலும் இந்த நோய் இதுவரை இந்தியாவில் கால் வைத்ததில்லை. ஏன் என்பதற்கு விளக்கங்கள் பல உண்டு, முடிந்த முடிவு இல்லை.

இரவுக் கொசு அனாஃபிலிஸ் கேம்பியே. மாட்டை விட்டு மனிதனைத் தேடி வந்து கடிப்பது. கொண்டுவருவது மலேரியா. "மலேரியாவா, மெட்ராஸில் பார்க்காததா!" என்பவர்கள்தான் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். சென்னையில் காலங்காலமாக வந்தது பெரும்பாலும் வைவாக்ஸ் வகை. அது ரத்தச் சிவப்பணுவுக்குள் நுழைய டஃபி என்ற புரதம் தேவை. மேற்கு ஆப்பிரிக்கர்களில் மிகப் பெரும்பாலோரின் சிவப்பணுவில் டஃபி கிடையாது. அதனால் அங்கே கோலோச்சுவது ஃபால்சிபாரம்.

வைவாக்ஸ் இளம் சிவப்பணுக்களையே நாடும். ஃபால்சிபாரத்துக்கு இளசு, முற்றல் பேதமில்லை. அது புகுந்த சிவப்பணுவின் மேல்பரப்பில் சிறு முடிச்சுகள் கிளம்பும். கெட்ட அணுக்களை வடிகட்டி அழிப்பது மண்ணீரலின் வேலை. அங்கே போய்ச் சிக்காதபடி, அந்த முடிச்சுகளால் நுண்குழாய்களின் சுவரில் அணு ஒட்டிக்கொள்ளும். கிருமிக்கு அது தப்பிக்கும் வழி; நமக்கோ மூளைக்குப் போகும் ரத்தம் அடைபடும்.

"சாதாரணக் காய்ச்சல்தான்" என்று அங்குள்ள கூட்டாளி சிரிக்கலாம். அவர் உடல் குழந்தைப் பருவத்திலிருந்தே இந்தக் கிருமியோடு மல்லுக்கட்டி ஓரளவு தேறியது. போகிறவர் உடலுக்கு அந்தப் பயிற்சி இல்லை.

மருந்து தடவிய கொசுவலை அவசியம். மாத்திரையும் அவசியம், எது பொருந்தும் என்று டாக்டர் சொல்வார். டாக்சிசைக்ளின் என்றால் திரும்பிய பிறகும் நாலு வாரம் தினமும் விழுங்க வேண்டும். ஊர் வந்தாயிற்றே என்று பலர் நிறுத்துவது இங்கேதான். கொசு கடித்து உள்ளே வந்த கிருமி முதலில் கல்லீரலில் ஏறக்குறைய ஒரு வாரம் பதுங்கியிருக்கும். இந்த மாத்திரையின் பிடி முக்கியமாக ரத்தத்தில்தான். கிருமி வெளியே வரும்போது மருந்து அங்கே காவல் நிற்க வேண்டும்.

பத்து நாள் வியாபாரப் பயணத்தில் இன்னொரு சிக்கல்: காய்ச்சல் பெரும்பாலும் அங்கே வராமல், வீடு திரும்பிய பிறகே வரும். ஒரு மாதம் கழித்தும் வரலாம். நம் டாக்டர் டெங்கு, டைபாய்டு என்று தேடத் தொடங்கினால் அது அவர் தவறல்ல. அவர் கேட்கும் முன்பே சொல்லுங்கள்: "ஆப்பிரிக்கா போய் வந்தேன், இன்றைக்கே மலேரியா டெஸ்ட் எடுங்கள்." முதல் டெஸ்டில் ஒன்றும் இல்லை என்று வந்தாலும் அடுத்தடுத்த நாளில் மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். சிகிச்சை தொடங்காவிட்டால் ஃபால்சிபாரம் ஒரே நாளில் உயிருக்கு ஆபத்தாக முற்றிவிடலாம்.